பல் மருத்துவச் சீட்டு நோயாளிக்கும் புரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் அம்மாபேட்டைப் பகுதியில் மருந்துக் கடை நடத்திவரும் மருந்தாளுநர் நான். பல் மருத்துவர்கள் எழுதித் தரும் சீட்டுடன் கடைக்கு வருகிறவர்களில் பலர், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்பதற்கு முன்பே, சீட்டின் மேற்பாதியில் எழுதியிருப்பதைக் காட்டி, அது என்னவென்று கேட்கிறார்கள். தம் வாய்க்குள் நடக்கப்போகும் சிகிச்சையை மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை ஒருவருக்கு வரக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் பல்லையே இழந்தவர்களை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பணத் தட்டுப்பாட்டால் விட்டவர்கள் அவர்களில் உண்டு. ஆனால், சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள். இந்த இரண்டாவது இழப்பைத் தமிழில் எழுதிய நான்கு வரிகளால் தடுத்துவிட முடியும் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் ஏற்காடு நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா கொண்டுவந்த சீட்டில், '46 - ஆர்.சி.டி., கிரௌன், 47 - காம்போசிட், 38 - எக்ஸ்ட்ராக்ஷன்' என்று மூன்று வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. "வாயில மொத்தமே முப்பத்திரண்டு பல்லுதானுங்களே, நாப்பத்தாறுன்னு போட்டிருக்காங்க, இது என்ன கணக்குங்க அண்ணா?" என்று அவர் கேட்டார். மிகவும் நியாயமான கேள்வி. நோயாளியின் மேல் வலது, மேல் இடது, கீழ் இடது, கீழ் வலது என்று வாயை நான்காகப் பிரித்து, அவற்றுக்கு 1 முதல் 4 வரை எண் கொடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் நடு முன்பல்லில் தொடங்கிப் பின்னோக்கி 1 முதல் 8 வரை பற்களை எண்ணுவது உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் முறை. அதன்படி 46 என்பது கீழ்த்தாடையின் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல். 47 அதற்கு அடுத்தது. 38 கீழ் இடப்பக்கக் கடைசியில் முளைக்கும் ஞானப் பல்; எக்ஸ்ட்ராக்ஷன் என்றால் அதைப் பிடுங்குவது. பால்பற்களானால் முதல் இலக்கம் 5 முதல் 8 வரை இருக்கும். இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்ததும், கண்ணாடியில் பார்த்து எந்தப் பல் என்று அந்த அம்மாவே எண்ணிச் சொல்லிவிட்டார். எந்தப் பல்லில் கைவைக்கப் போகிறார்கள் என்பது நோயாளிக்கும் தெரிந்திருப்பது மருத்துவருக்கும் ஒரு பாதுகாப்புதானே.

முதல் கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 16, 26, 36, 46 என்ற எண்களுள்ள இந்த நான்கும், ஆறு வயதையொட்டி, எந்தப் பால்பல்லும் விழாமலேயே, பால்பற்களின் வரிசைக்குப் பின்னால் முளைக்கின்றன. அதனால் இவற்றையும் பால்பல் என்றே எண்ணி, சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைச்சிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். இவை விழுந்தால் மீண்டும் முளைக்காது. இந்த வயதுப் பிள்ளைக்கு 'சீலன்ட்' என்று மருத்துவர் எழுதினால், கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களில் உணவு தங்காதபடி முன்கூட்டியே பூசும் பாதுகாப்புப் பூச்சு அது. சொத்தையே இல்லாத பல்லுக்கு எதற்குச் செலவு என்று கேட்டு அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம்.

அந்தச் சீட்டின் மூன்று வரிகளில் மக்கள் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்வது ஆர்.சி.டி. என்ற வேர் சிகிச்சையைத்தான். பல்லின் மேலுறையான எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள்; அதற்கு உணர்ச்சி கிடையாது. சொத்தை அந்த உறைக்குள் இருக்கும்வரை வலி தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினை எட்டும்போதுதான் குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் கூச்சம் தொடங்கும். இந்த நிலையில் வந்துவிட்டால், சொத்தையைச் சுரண்டியெடுத்து அடைப்பதோடு வேலை முடிந்துவிடும். 47-க்கு எழுதியிருந்த காம்போசிட், பல்லின் நிறத்திலேயே அமைந்த, நீல ஒளி காட்டிக் கெட்டியாக்கப்படும் அடைப்புப் பொருள். சொத்தை இன்னும் உள்ளே போய், நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் பற்கூழைத் தொட்டுவிட்டால் அடைப்பது மட்டும் போதாது. சுற்றிலும் கெட்டிச் சுவருக்குள் இருக்கும் அந்தச் சதைக்கு வீங்க இடமில்லாததால்தான், இரவில் படுத்ததும் உயிர் போகிற வலி வருகிறது. சில நாள் கழித்து அந்த வலி தானாக நின்றுவிட்டால் பல் குணமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் பற்கூழ் செத்துப்போய், கிருமிகள் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும்.

வேர் சிகிச்சையில் அந்தப் பற்கூழை நீக்கி, வேருக்குள் ஓடும் மிக நுண்ணிய கால்வாய்களை ஊசி போன்ற கருவிகளால் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் நிரப்புகிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு கால்வாய்கள் இருக்கும். அதனால் இரண்டு மூன்று முறை வரச் சொல்வதுண்டு. முதல் முறையிலேயே வீங்கிய பற்கூழ் வெளியேறிவிடுவதால் வலி அன்றே அடங்கிவிடுகிறது. ஆனால், பல்லின் திறந்த வாயில் அன்று வைத்து அனுப்புவது, சில வாரங்கள் மட்டுமே தாங்கும் தற்காலிக அடைப்பு. மலையிலிருந்து வருகிறவர் ஒண்டிக்கடையில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் சேலத்துக்கு வருகிறார். வலியே இல்லாத பல்லுக்காக அவர் இன்னொரு நாள் கூலியை எதற்காக இழப்பார்? கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது, இந்த அடைப்பு கரைந்துவிடும், கால்வாய்களை இனிமேல்தான் நிரப்ப வேண்டும் என்பதை அவருக்கு யாரேனும் புரியும்படி சொல்லியிருந்தால் வந்திருப்பார். சொல்லாததால், சில மாதங்களில் அடைப்பு உதிர்ந்து, பல் உடைந்து, கன்னம் வீங்கி, கடைசியில் பிடுங்குவதற்காக வருகிறார்.

கிரௌன் என்ற கேப்பும் இப்படித்தான். வேர் சிகிச்சை முடிந்தபின் கேப் போடச் சொல்வது கூடுதல் வருமானத்துக்கான வழி என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. சொத்தைக்கும் சிகிச்சைக்கும் பல்லின் பெரும்பகுதி போய்விட்ட நிலையில், மென்று அரைக்கும் வேலையைச் செய்யும் கடைவாய்ப் பல் மூடியில்லாமல் இருந்தால் எளிதில் பிளந்துவிடும். பிளவு வேர்வரை இறங்கிவிட்டால் அந்தப் பல்லைக் காப்பாற்ற இயலாது. கேப் போடுவதற்காகப் பல்லைச் சுற்றிலும் இழைத்துச் சிறிதாக்குவார்கள் என்பதையும், உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா என்று பொருளைப் பொறுத்து விலை மாறும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டால், அப்புறம் மனக்கசப்புக்கு இடமிருக்காது. பிரிட்ஜ் என்பது இழந்த பல்லின் இருபுறத்துப் பற்களையும் இழைத்து, அவற்றின்மீது பாலமாகப் பொருத்துவது. இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அது எலும்போடு ஒட்டச் சில மாதங்கள் விட்டு, அதன்மேல் பல் கட்டுவது.

ஸ்கேலிங் என்ற பல் சுத்தம் செய்யும் முறையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நம் ஊரில் விடாப்பிடியாக நிலைத்திருக்கிறது. அதைச் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும், எனாமல் தேய்ந்துவிடும் என்கிறார்கள். பல்லின் கழுத்தில் படிந்து கல்லாக இறுகிய காரையை அதிர்வுக் கருவியால் உடைத்து எடுப்பதே ஸ்கேலிங். காரை இருந்த இடம் காலியாவதால்தான் இடைவெளி தெரிகிறது. காரைக்கு அடியில் எலும்பு முன்பே கரைந்துபோயிருந்தால், அதுவரை முட்டுக் கொடுத்திருந்த காரை போனதும் பல்லின் ஆட்டம் வெளிப்படுகிறது. பழி மட்டும் சிகிச்சையின்மேல் விழுகிறது. சீட்டில் 'ஜிஞ்சிவைட்டிஸ்' என்றிருந்தால் ஈறு மட்டும் வீங்கி இரத்தம் கசிகிறது, சுத்தம் செய்தால் முழுவதும் மீளும் என்று பொருள். 'பெரியோடான்டைட்டிஸ்' என்றிருந்தால் பல்லைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கிவிட்டது. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது, மேலும் கரையாமல் காக்கத்தான் முடியும். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இது விரைவாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் வராமல் அடம்பிடிக்கும். சர்க்கரைக்கு என்னிடம் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் பல் துலக்கும்போது இரத்தம் வருவதைப் பல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும் என்று இதன் வாயிலாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

என் தொழில் சார்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "பல் வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை என்ற என் வழக்கத்தால் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. 'ஆப்செஸ்' என்பது சீழ்க்கட்டி. செத்த பற்கூழுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால், விழுங்கிய மருந்து அங்கே போய்ச் சேராது. சீழை வெளியேற்றி, பல்லுக்குச் சிகிச்சை செய்யாதவரை வீக்கம் திரும்பத் திரும்ப வரும். தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. மருந்துக் கடைக்கு வராமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அதேபோல, இதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் பிடுங்குவதற்கு முன் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பல் மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கென்றே அமைந்த ஒரு சொல் 'புளோரோசிஸ்'. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம், வேறு நீருக்கு வழியில்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் பகுதியில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இந்த அளவு மிஞ்சியிருக்கிறது. தாடைக்குள் நிலைப்பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் எனாமலில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் படிந்துவிடுகின்றன. இது பல் துலக்காத அழுக்கு என்று வகுப்பில் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் வழக்கம் இன்னும் இருப்பது மனத்தை வருத்துகிறது. அந்தக் கறை பல்லின் உட்பொருளிலேயே கலந்திருப்பது. சாம்பலும் செங்கல் தூளும் வைத்துத் தேய்த்தால் நல்ல எனாமலும் போகுமே தவிர, கறை போகாது.

'லியூக்கோபிளேக்கியா' என்றும் 'சப்மியூகஸ் பைப்ரோசிஸ்' என்றும் எழுதப்பட்ட சீட்டுகளை மட்டும் யாரும் மடித்துப் பையில் வைத்துவிட வேண்டாம். முன்னது, தேய்த்தாலும் போகாத வெண்படலம். பின்னது, பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாய் திறக்கும் அளவு சிறுகச் சிறுகக் குறைவது. இரண்டுமே புற்றுநோயாக மாறக்கூடியவை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்துவிட்டது. மலைக் குளிருக்கு வெற்றிலை பாக்கு போட்டால்தான் வேலை ஓடும் என்று சொல்லும் தோட்டத் தொழிலாளர்களும், தறி முன்னால் உட்கார்ந்தபடியே பாக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் இளைஞர்களும் இதை அறிய வேண்டும். 'பயாப்சி' என்று எழுதினால், சிறு சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை என்று பொருள். அதைச் செய்தால் நோய் பரவிவிடும் என்று அஞ்சித் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. இரண்டு வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் காட்டியே ஆக வேண்டும்.

சிகிச்சைக்கு ஒப்புதல் பெறும்போது அதன் தன்மை, பயன், மாற்று வழிகள், முக்கிய அபாயங்கள், சிகிச்சை பெறாவிட்டால் ஏற்படும் விளைவு ஆகியவற்றை நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. புரியாத மொழியில் அச்சிட்ட தாளில் வாங்கும் கையெழுத்து இந்தத் தீர்ப்பின் நோக்கத்தை நிறைவேற்றாது. நெருக்கடியான நேரத்தில் மருத்துவர்களால் ஒவ்வொருவருக்கும் விரிவாக விளக்க இயலாது என்பதை அறிவேன். எழுதிக் கொடுக்கச் சொல்வதும் அதனால்தான்.

ஆகவே, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவும், நகரின் தனியார் பல் மருத்துவர்களும், ஒரு பக்கத் தமிழ்ச் சீட்டு ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பற்களின் படம் அச்சிட்டு, சிகிச்சை பெறும் பல்லைச் சுழித்துக் காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது பயன்படும். படத்துக்குக் கீழே, இன்று என்ன செய்யப்பட்டது, இன்னும் என்ன பாக்கி, எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும், வராமல் விட்டால் பல்லுக்கு என்ன நேரும் என்ற ஐந்து கேள்விகளுக்கும் மருத்துவரின் கையெழுத்தில் தமிழில் விடை இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மாதிரிச் சீட்டு ஒன்றைப் பல் மருத்துவர்களைக் கொண்டு தயாரித்துத் தங்கள் நாளிதழ் வெளியிட முன்வந்தால், அதைப் படியெடுத்து என் கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகரான ஒரு மருந்தாளுநர்,
அம்மாபேட்டை, சேலம்.