ஜோகன்னஸ்பர்க்குக்கு பேஸ் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை போய் ஐந்து தந்தி பேஸ் கிட்டார் வாங்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். இவ்வளவு பணம் போடும்போது மேல் கட்டையின் வரியழகில் மயங்கிவிடாதே. பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி), பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைத் தாங்குவது), பிரீஆம்ப் (உள்ளே ஒலியைக் கூட்டும் சின்னச் சுற்று) எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். விரல் வைக்கும் நீண்ட கழுத்தான நெக் சரியில்லை என்றால் கொடுத்த காசு போனதுதான்.

ஆம்பில் செருகுவதற்கு முன் பத்து நிமிடம் சும்மா வாசி. ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்), ஒரே அழுத்தத்தில் மீட்டி, ஒலி தானாக அடங்கும்வரை பொறுத்திரு. மெல்லிய தந்தியான ஜி தந்தியில் ஐந்திலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரை காதை நன்றாகத் தீட்டிக்கொள். அக்கம்பக்கத்து சுரங்கள் நின்று ஒலிக்க, ஒன்று மட்டும் சட்டென்று அமுங்கினால் அதுதான் டெட் ஸ்பாட். அந்தச் சுரமும் நெக்கின் சொந்த அதிர்வும் ஒத்துப்போய், தந்தியின் சக்தியை நெக் உறிஞ்சிவிடுகிறது. செட்டப் செய்தாலும், அதாவது கருவியைச் சீராக அமைத்தாலும், போகாது. விலை கூடினால் இது இருக்காது என்றும் நம்பாதே. அதே மாடலில் இன்னொன்றைக் கேட்டு வாங்கி வாசித்துப் பார்.

அடுத்து நெக்கின் வளைவு. தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, எட்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே பார். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மி.மீ. இடைவெளி போதும். கூடவே கடைக்காரரை ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடி வளைவைச் சரிசெய்யும் கம்பி) கால் சுற்று முன்னும் பின்னும் திருப்பிக் காட்டச் சொல். ஏற்கெனவே கடைசிவரை முறுக்கியிருந்தால் அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிடு. டர்பனுக்கு வரும் கருவிக்கு இது முக்கியம். ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலக் காற்று வறண்டது. கட்டை சுருங்கி, ஃப்ரெட்டின் முனைகள் நெக்கின் ஓரத்தில் விரலைக் கீறும். நம் கடற்கரை ஈரத்தில் கட்டை மறுபடி ஊறும், நெக் நகரும். எந்தப் பக்கம் நகரும் என்பது கட்டைக்குக் கட்டை மாறும். ராடில் இரண்டு பக்கமும் இடம் இருந்தால் கவலையில்லை.

தடித்த தந்தியான பி தந்தியின் அடி ஒலி சுமார் 31 ஹெர்ட்ஸ். கடையின் சின்ன ஆம்பில் அது வரவே வராது. பெரிய கேபினெட் கேள். இல்லையென்றால் நல்ல ஹெட்போன். டோன் குமிழ்கள் எல்லாம் நடுவில் இருக்கட்டும். 1951இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு வைத்த 34 அங்குலமே இன்றும் தந்தி அதிரும் பகுதியின் வழக்கமான நீளம். 35 அங்குலத்தில் பி கொஞ்சம் இறுக்கமாக நிற்கும், ஆனால் முதல் ஃப்ரெட்டுக்கு கை எட்ட வேண்டும். இரண்டையும் வாசித்துப் பார். புதுத் தந்தியின் பளபளப்பு எந்த பேஸையும் நல்லதாகக் காட்டும், அதையும் மனதில் வை.

ஒரே கம்பிச்சுருள் உள்ள ஒற்றைக் காயில் பிக்கப் தனியாக இரைந்தால் அது கோளாறல்ல. இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் மாதிரியில் இரண்டின் ஒலியளவையும் முழுதாகத் திறந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒலியளவு, டோன் குமிழின் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பும்போது கரகரத்தால் கடைக்காரரிடம் கேள்.

உட்கார்ந்தே வாசித்துவிட்டு வந்துவிடாதே. பட்டையை மாட்டி இருபது நிமிடம் நின்று வாசி. நடுவில் கையை எடு. தலைப்பக்கம் சரிந்தால், கல்யாண மண்டபத்தில் மூன்று மணி நேரம் உன் இடது தோள்தான் அதைத் தாங்க வேண்டும். எடை நாலரைக் கிலோவுக்குள் இருக்கட்டும்.

ட்ரஸ் ராட் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சில மணி நேரம் மூடியே வை. இரண்டு வாரம் போனபிறகுதான் ராடில் கை வைக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்