ஆறு நிமிடமும் பாடட்டும்: ஜப்பானியத் தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிகழ்ச்சித் தேர்வாளர்களுக்கு,

வணக்கம். பாடகரும் நடிகருமான மிவா அகிஹிரோ என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த மஞ்சள் முடிதான். அடுத்து இயக்குநர் மியாசாகியின் அனிமேஷன் படங்களில் கேட்ட குரல்: 1997-இல் ஓநாய்த் தெய்வம் மோரோ, 2004-இல் பாழ்நிலத்துச் சூனியக்காரி. மூத்தவர்களைக் கேட்டால் 1968-இல் மேடையிலும் திரையிலும் 'கருப்புப் பல்லி'யாக வந்த நகைத் திருடியைச் சொல்வார்கள். நாடகாசிரியர் தெரயாமா ஷூஜி இவரை மனத்தில் வைத்தே நாடகம் எழுதினார். 1935-இல் நாகசாகியில் பிறந்து, பத்து வயதில் அணுகுண்டைக் கண்டு பிழைத்து, டோக்கியோ கின்சாவிலிருந்த கின்பாரி என்ற இசை அரங்கில் ஷான்சோன் எனப்படும் பிரெஞ்சுப் பாடல்களைப் பாடி மேலே வந்தவர். உங்களுக்குத் தெரியாததா!

நான் கேட்க வந்தது ஒரே ஒரு பாட்டைப் பற்றி.

சுரங்கத் தொழிலாளர்கள் வாழும் ஊர் ஒன்றில் பாடப் போனபோது, இந்த மக்களுக்கென்று தன்னிடம் ஒரு பாட்டுகூட இல்லையே என்று அவருக்கு உறுத்தியது. அந்த உறுத்தலில் தானே எழுதி இசையமைத்த 'யோயிதோமாகே நோ உதா' ('யோயிதோமாகே பாட்டு') 1965-இல் வெளிவந்தது. கட்டட வேலையில் பெண்கள் கூடிக் கயிறு இழுத்துக் கனமான கட்டையைத் தூக்கிப் போட்டு மண்ணை இறுக்குவார்கள். அப்போது எழும் கூவல்தான் 'யோயிதோமாகே'. எங்கள் 'ஐலசா' மாதிரி. பாட்டில், அந்த வேலை செய்யும் தாயின் மகன் பள்ளியில் கேலிக்கு ஆளாகிறான்.

மண் வேலை செய்வோரைக் குறிக்கும் சொற்கள் வசைச்சொற்கள் என்று சொல்லி, தனியார் அலைவரிசைகள் பாட்டையே பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்தன. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் யாரைக் காப்பாற்றினீர்கள்? அந்தச் சொல்லால் அடிபட்டவன் தன் அடியைச் சொல்கிற பாட்டு அது. அதை நிறுத்தியதால் கேலி செய்தவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. கயிறு இழுத்த அம்மாதான் காணாமல் போனார்.

2000-இல் பாடகர் குவாதா கெய்சுகே உங்களில் ஒருவரின் நிகழ்ச்சியிலேயே இதைப் பாடினார் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் மிவாவின் குரலில் நாடே கேட்டது 2012 டிசம்பர் 31 இரவில், பொது ஒளிபரப்பான என்.எச்.கே.யின் ஆண்டிறுதிப் பாட்டு நிகழ்ச்சியான கோஹாக்கு மேடையில். 77 வயதில் அங்கே முதல் முறை. மஞ்சள் முடி இல்லை, மினுக்கும் உடை இல்லை. கருப்பு முடி, கருப்பு உடை, ஒற்றை விளக்கு. ஏறக்குறைய ஆறு நிமிடம், ஒரு வரிகூட வெட்டாமல். தாயாகவும் மகனாகவும் அந்த ஒரே குரல் மாறி மாறி வந்தது. நாடகம் வேறு, பாட்டு வேறு என்று பிரித்து வைப்பவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேட்பது அதிகமில்லை. மிவாவைப் பற்றி நிகழ்ச்சி தயாரிக்கும்போது, இந்தப் பாட்டு உங்கள் அலைவரிசைகளில் ஒலிக்காத ஆண்டுகளையும் சொல்லுங்கள். பாட்டைப் போட்டால் முதல் சரணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அழுதுகொண்டு வந்த பையன், வேலை செய்யும் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போவது அதற்கப்புறம்தான்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து கேட்கும் ஒரு ரசிகர்