மூட்டு மாற்று அறுவை சிகிச்சை உதவியாளர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் எலும்பியல் அறுவை அரங்கில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் மருத்துவருக்கு உடன் நிற்பவர்களின் பயிற்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். சென்ற மாதம் என் அக்காவுக்கு நேர்ந்ததைப் பார்த்தபின் தள்ளிப்போட மனம் வரவில்லை.

இடுப்பு மூட்டு மாற்றிய ஐந்தாம் நாள் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. "தரையில் உட்காராதீர்கள்" என்று சொன்னார்களே தவிர, வீட்டில் எந்த வகைக் கழிப்பறை, கட்டில் எவ்வளவு உயரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் பூஜை அறையில் மணைப்பலகையில் உட்கார்ந்து, விளக்கேற்றக் குனிந்தபோது மூட்டு நழுவிவிட்டது. "மணையில்தானே உட்கார்ந்தேன், தரையில் இல்லையே" என்று அவர் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்பதை வீட்டுப் பழக்கத்தோடு பொருத்திச் சொல்ல வார்டில் ஒருவர் இருந்திருந்தால் போதும்.

அரங்கிலும் இதே குறைதான். செயற்கை மூட்டை எலும்போடு பொருத்தும் எலும்பு சிமென்ட்டைக் கலந்தால் அது கையுறையில் ஒட்டாத பதத்துக்கு வரும் நேரம் அறையின் வெப்பத்தைப் பொறுத்தது. மே மாதத்தில் ஏ.சி. சற்றுக் குறைந்தாலும் சீக்கிரம் இறுகிவிடும். இதை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் கற்றுத்தரவில்லை, கைப்பட்டுத் தெரிந்துகொண்டேன். பல இடங்களில் எந்தத் தட்டில் எந்தக் கருவி, எந்த அளவு மூட்டு என்று சொல்வதே மூட்டு விற்கும் கம்பெனியின் ஆள்தான். பெட்டியைப் பிரிக்குமுன் வலதா இடதா, அளவு என்ன, காலாவதித் தேதி எது என்று உரக்கப் படித்துச் சரிபார்ப்பது மருத்துவமனை ஊழியரின் பொறுப்பாக இருக்க வேண்டாமா?

மருத்துவருக்கு உடன் நின்று உதவுபவரை உருவாக்கும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு இந்தியாவில் 1992-இல் தொடங்கியதே நம் சென்னையில், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில்தான். இதய அறுவை சிகிச்சைக்காக அன்று செய்ததை இன்று மூட்டுக்கும் செய்யலாம். 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கு விலை உச்சவரம்பு வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு. பொருளுக்கும் பணத்துக்கும் வழி செய்த நாம், உடன் நிற்கும் ஆளைத் தயார் செய்யவில்லை. துணை மருத்துவப் பணியாளர்களுக்கென 2021-இல் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது.

ஃபிசிஷியன் அசிஸ்டன்ட், அறுவை அரங்கத் தொழில்நுட்பம், செவிலியம் படித்தவர்களுக்கு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி தர வேண்டும் என்பதே என் கோரிக்கை. கத்தி அறுவை மருத்துவரின் கையிலேயே இருக்கட்டும். அறுவைக்கு முன் நோயாளியைத் தயார்ப்படுத்துவது, அரங்கில் காலைச் சரியான கோணத்தில் தாங்கிப் பிடிப்பது, மறுநாள் வாக்கரில் நடக்க வைப்பது, கெண்டைக்கால் வீக்கத்தைக் கண்டவுடன் ரத்தம் உறைந்திருக்குமோ என்று சந்தேகித்து மருத்துவரை அழைப்பது எல்லாவற்றையும் ஒரே ஆள் தொடர்ந்து பார்க்க வேண்டும். பார்த்த ஒவ்வொரு சிகிச்சையையும் குறிப்பேட்டில் எழுதி, மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கையொப்பம் பெற வேண்டும்.

கற்றுக்கொடுக்க ஆளில்லை என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். என்னைப் போல் ஓய்வு பெற்ற அரங்கச் செவிலியர்கள் இந்நகரில் பலர் இருக்கிறோம், அழைத்தால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
பெரம்பூர், சென்னை.