வீட்டு அம்மாவிடம் பேசு, மகளே

அன்புள்ள மக்களே,

குழித்துறையில் விடாத மழை. அம்மச்சிக்கு முட்டுவலி முன்னைப்போலத்தான்.

நீ ஸ்பானிஷ் படிக்கப் போயிருக்கிற ஸ்பெயினில், சலமன்காவில் குளிர் தொடங்கியிருக்கும். நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மா சுகமா? போன கடிதத்திலும் கேட்டேன்; நீ வீடு மாற நினைக்கிறாயோ என்று எனக்கொரு சந்தேகம். அவர்கள் இரவு ஒன்பதரைக்குத்தான் சாப்பிட உட்காருவார்கள். பசிக்கிறதென்று ஏழு மணிக்கே தின்றுவிட்டு அறைக்குள் போய்விடாதே. சாயங்காலம் ஒரு துண்டு ரொட்டியில் பசியை அடக்கிக்கொண்டு, மேசைக்கு அவர்களோடு போ. வகுப்பில் வாத்தியார் உனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மேசையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பாதிச் சொல்லை விழுங்குவார்கள். காது பழகுவது அங்கேதான்.

ஆங்கிலத்தில் யோசித்துப் பேசாதே. ஸ்பானிஷில் 'மே குஸ்தா' நம்முடைய 'எனக்குப் பிடிக்கும்' மாதிரிதான். 'நான்' என்று தொடங்கினால் தப்பாகிவிடும். 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். அம்மச்சி 'கறி' என்று சொல்லும்போது வருகிற அந்த ற-வை இன்னும் கொஞ்சம் உருட்டினால் போதும்.

டெலே பி1 என்கிற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் வாசிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு, கேட்பதும் பேசுவதும் இன்னொரு பிரிவு. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 வேண்டும். எழுத்தில் 50 வாங்கி, பேச்சுப் பிரிவில் 29 என்றாலும் தேற முடியாது. எழுத்தில் நீ கெட்டிக்காரி. விசா வேலையெல்லாம் ஒற்றை ஆளாக முடித்தவள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அப்படிப்பட்டவள் போனில் 'ம்' என்று மட்டும் சொன்னால் அம்மைக்குத் தூக்கம் வருமா?

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் பின்னால் ஒரே மலையாளம். நல்ல பிள்ளைகளாகத்தான் இருக்கும். மலையாளம் கேட்டால் நம்ம ஊர்ப் பிள்ளைக்கு வாய் தானாகத் திறக்கும். ஆனால் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தால், ஸ்பானிஷ் காலை வகுப்போடு முடிந்துபோகும். வீட்டு அம்மா சந்தைக்குப் போகும்போது கூடப் போ. மீன் கடையில் விலையை நீயே கேள். இரவு மேசையில் இரு.

எங்களைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடு, இங்கே எட்டரை. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

வீடு மாறினால் காப்பீட்டுக் கம்பெனிக்குப் புது முகவரி கொடு. நகராட்சியில் பதிந்திருந்தால் அங்கேயும் மாற்று. அவசரத்துக்கு 112.

அம்மை முந்திரிக்கொத்து செய்கிறாள். பால், நெய் சேர்ந்ததைச் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள், அதனால் பால்கோவா இல்லை. பார்சலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுது.

அப்பா