பனிவிளக்குக்கு ரிலே வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிக்கப் வண்டிக்கு வீட்டிலேயே பனிவிளக்கு மாட்டுவோர் பலர், ஹெட்லைட் வயரைச் சீவி அதிலேயே முறுக்கிவிடுகிறார்கள். 55 வாட் பல்பு இரண்டு போட்டால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவிட்ச் உருகத்தான் செய்யும். அதனால்தான் இடையில் ரிலே வைக்கச் சொல்கிறேன்; சுவிட்சின் சிறு மின்னோட்டத்தால் விளக்கின் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்காந்த சுவிட்ச் அது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. வயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு. 87 விளக்குக்கு, 86 சுவிட்சுக்கு, 85 பாடி எர்த்துக்கு. எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டாவிட்டால் வெளிச்சம் மங்கும். பழி என்னவோ பல்பின் மேல்!

விளக்கைத் தாங்க, பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய்த் தடுப்பான புல்பார் வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பம்பர் நசுங்கித் தாங்க வேண்டிய அடியைப் புல்பார் நேரே சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) கடத்திவிடும்.

– வாகன மின்பணியாளர், நாமக்கல்