இருமொழிக் கதைப்புத்தகம் வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொரீசியஸில் ரோஸ்ஹில் பக்கம் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். வீட்டில் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள். அதனால் தமிழோடு ஆங்கிலமும் உள்ள படக்கதைகளைத் தேடி வாங்குகிறேன்.

போன வாரம் பிரித்த புத்தகத்தில் ஆங்கிலம் கொட்டை எழுத்தில், தமிழ் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி அதை விரலால் தேய்த்து, "பாட்டி, இது அழுக்கா?" என்று கேட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை. நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் பளிச்சென்று இருக்கிறதே!

வாங்கும் முன் ஒரு பக்கத்தை உரக்க வாசித்துப் பாருங்கள். "பூனையானது பாலை அருந்தியது" என்றிருந்தால் வேண்டாம். "பூனை பாலைக் குடிச்சிட்டு ஓடிப்போச்சு" என்றால் பிள்ளைகளும் கூடவே சொல்வார்கள்.

நியூயார்க் நூலகத்தில் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கதை சொன்ன புரா பெல்ப்ரே, தன் பாட்டியிடம் கேட்ட எலி, கரப்பான் கதையை 1932இல் புத்தகமாக்கினார். அவர் பெயரில் 1996 முதல் விருதே தருகிறார்கள். நம் பாட்டிகளிடம் கதைக்கா பஞ்சம்? தெரிந்தவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து சொல்லுங்கள். தமிழிலும் கிரியோலிலும் எழுதி வைக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ரோஸ்ஹில், மொரீசியஸ்