வீட்டுக்குள்ளும் கண்டாங்கி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேசியக் கைத்தறி நாளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட செய்தியில், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை, விழாக்களுக்கும் அன்பளிப்புக்கும் உரிய ஆடையாகப் பாராட்டப்பட்டிருந்தது. மகிழ்ச்சிதான்; ஆனால் கண்டாங்கி அடிப்படையில் வீட்டில் உடுத்தும் சேலை. அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்டு, அகலக் கரை வைத்து, தடித்த பருத்தி நூலில் நெய்யப்பட்ட அந்தச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டுதான் எங்கள் அப்பத்தா நெல் அவித்தார், வற்றல் காயவைத்தார். துவைக்கத் துவைக்க மென்மையாகி, இறுதியில் அது பேரப்பிள்ளைகளுக்குத் தூளியாயிற்று.

இன்று அந்த இடத்தை நைட்டி பிடித்துக்கொண்டது. அதை அணிவோரைக் குறைசொல்ல ஏதுமில்லை. வசதியாகவும் மலிவாகவும் கிடைப்பதையே எவரும் வாங்குவர். ஆயினும், அன்றாடம் உடுத்துவோர் இல்லாமல், விழாக்கால விற்பனையை மட்டும் நம்பி ஒரு நெசவு நெடுநாள் நிலைக்காது. எனவே, 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், நெசவாளர் கூலியில் கைவைக்காமல் வேலைப்பாடுகளை மட்டும் குறைத்து, வீட்டு உடைக்கான எளிய கண்டாங்கியை ஆண்டு முழுவதும் தன் விற்பனை நிலையங்களில் வைக்க வேண்டும். அதே துணியில் நைட்டியும் தைத்துக் கொடுத்தால் இளம்பெண்களும் விரும்பி வாங்குவர்.

– வாசகர் ஒருவர், காரைக்குடி